குச்சிக்கிழங்கும் ஐந்து பாடமும்: தொடக்கப்பள்ளியின் கடைசி ஆண்டு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு சாலைகளில் எழும் பதாகைகளைப் பார்த்தவர்களுக்கு, இந்தச் சமவெளி கல்வியை எதைக் கொண்டு அளக்கிறது என்பது தெரியும். விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் தமிழ்நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மாணவர்களை இங்கே வரவழைத்தன. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டு நடத்தும் வழக்கம் பல பள்ளிகளில் வேரூன்றியது. அதைத் தடுக்கவே 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் முறையும் 2017இல் நின்றது. 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது. ஒரு தேர்வு வந்ததும் போனதும் இத்தனை விவாதத்தைக் கிளப்பின. எல்லாமே பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளைப் பற்றியவை.

ஐந்தாம் வகுப்பு முடிவதைப் பற்றி அப்படி யாரும் விவாதிப்பதில்லை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஐந்தாண்டு இருந்த பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பக்கத்து ஊர் நடுநிலைப்பள்ளிக்கோ உயர்நிலைப்பள்ளிக்கோ போகிறது. அந்தப் பத்து வயதுப் பிள்ளை எதைக் கற்று முடித்திருக்கிறது, எதைக் கற்காமல் நகர்கிறது என்பதே பிற்பாடு வரும் எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை. ஐந்தாம் வகுப்பில் பாடங்கள் ஐந்து. ஆனால் அவற்றைத் தாங்குபவை இரண்டே திறன்கள்: புரிந்து வாசிப்பதும், பின்னத்தோடும் வகுத்தலோடும் பழகுவதும். இந்த இரண்டையும் ஐந்து பாடங்களோடு பின்னுவதற்குத் தேவையான பொருள் சேலம், நாமக்கல் மாவட்ட வயல்களிலும் பட்டறைகளிலும் நிறையக் கிடக்கிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

புத்தகங்களில் இருப்பது

இன்றைய ஐந்தாம் வகுப்புப் புத்தகங்கள், பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் 2017இல் அமைந்த கலைத்திட்டக் குழுவின் பணியிலிருந்து பிறந்தவை. 2019-20இல் பள்ளிகளுக்கு வந்தன. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள். முதலிரண்டு வகுப்புகளில் சூழ்நிலையியல் என்று ஒன்றாக இருப்பது மூன்றாம் வகுப்பில் அறிவியலாகவும் சமூக அறிவியலாகவும் பிரிகிறது. ஐந்தாம் வகுப்புக்கு வரும்போது அந்தப் பிரிவு முழுமையாகிவிடுகிறது.

தமிழில் ஒவ்வோர் இயலும் செய்யுள், உரைநடை, துணைப்பாடம் என்று நகர்ந்து 'கற்கண்டு' என்ற இலக்கணப் பகுதியில் முடியும். கணக்கில் வடிவியல், எண்கள், அமைப்புகள், அளவைகள், பின்னங்கள், தகவல் செயலாக்கம் ஆகியவை உண்டு. அறிவியல் புத்தகம் மனித உடலின் உறுப்பு மண்டலங்களையும், பருப்பொருளின் நிலைகளையும், ஆற்றலையும் சொல்கிறது. சமூக அறிவியலில் பூமியும் வளிமண்டலமும், கோட்டைகளும் அரண்மனைகளும், தமிழ்நாட்டு வேளாண்மை, ஐரோப்பியர் வருகை, கல்வி உரிமை என்று பரப்பு விரிகிறது. ஆண்டு முழுவதற்கும் ஒரே சுமையாக இல்லாமல் 2012-13இல் வந்த முப்பருவ முறை இவற்றை மூன்றாகப் பகிர்ந்து கொடுக்கிறது.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். நான்காம் வகுப்பு வரை பிள்ளை கண்ணால் கண்டதே பெரும்பாலும் பாடமாகிறது: வீடு, மரம், மாடு, சந்தை. ஐந்தாம் வகுப்பில் கண்ணால் காண முடியாதவை பாடமாகின்றன. வளிமண்டலத்தைப் பார்க்க முடியாது. நுரையீரல் சுருங்கி விரிவதை வெளியிலிருந்து காண இயலாது. ஐந்நூறு ஆண்டுக்கு முன் கோழிக்கோட்டில் வந்திறங்கிய போர்ச்சுக்கீசியரைக் காட்ட ஆசிரியரிடம் ஆள் இல்லை. இவற்றையெல்லாம் சொற்கள் வழியே மனத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். எனவே ஐந்தாம் வகுப்பு அறிவியல் தேர்வு ஒரு வகையில் வாசிப்புத் தேர்வும்கூட.

நம் பள்ளிச் சீர்திருத்தங்கள் இந்த ஆண்டை எப்போதும் கடைசியாகவே கவனித்தன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் நான்காம் வகுப்போடு நின்றது. ஐந்தாம் வகுப்புக்கு 'எளிய படைப்பாற்றல் கல்வி' பிறகே வந்தது. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் முதல் மூன்று வகுப்புகளோடு ஆரம்பித்து, அடுத்த கல்வியாண்டில்தான் நான்கையும் ஐந்தையும் சேர்த்துக்கொண்டது. சின்ன வகுப்புகளைச் சரிசெய்தால் பெரிய வகுப்பு தானே சரியாகும் என்ற நம்பிக்கை இதில் இருக்கிறது. அது பாதிதான் உண்மை.

எழுத்துக் கூட்டுவதும் புரிந்து வாசிப்பதும்

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வாசிப்பு ஆய்வாளர் ஜீன் சால் 1983இல் வாசிப்பின் வளர்ச்சிப் படிநிலைகளை விளக்கும் நூலை வெளியிட்டார். முதல் மூன்று வகுப்புகளில் குழந்தை வாசிக்கக் கற்கிறது. நான்காம் வகுப்பிலிருந்து கற்பதற்காக வாசிக்கிறது என்பது அவர் காட்டிய திருப்பம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பு வரை மற்றவர்களோடு சமமாக வந்து, நான்காம் வகுப்பிலிருந்து பின்தங்கத் தொடங்குவதை அவரும் அவருடைய குழுவினரும் கண்டார்கள். முதலில் அவர்களைத் தடுத்து நிறுத்தியவை அன்றாடப் பேச்சில் வராத, கருத்துச் சார்ந்த சொற்கள்.

தமிழில் இந்தத் தடை இன்னும் உயரம். வீட்டில் 'மூச்சு' என்று சொல்லும் பிள்ளை புத்தகத்தில் 'சுவாச மண்டலம்' என்று படிக்கிறது. வீட்டுப் பேச்சுக்கும் எழுத்துத் தமிழுக்கும் வினைமுற்றே வேறு, வேற்றுமை உருபே வேறு. கூடவே, சேலம் சமவெளியில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ பேசும் குடும்பங்கள் ஏராளம். நூற்பாலைக்கும் கோழிப்பண்ணைக்கும் வேலை தேடி வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் சில வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்துவிடலாம். படித்ததன் பொருள் என்னவென்று கேட்டால்தான் நிலைமை தெரியும். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் படிப்படியாகத் திறக்கப்பட்ட ஆங்கிலவழிப் பிரிவுகளில் இருக்கும் பிள்ளைக்கு இந்தப் பாரம் இரட்டிப்பு: தமிழில் புரிந்து வாசிக்கும் பழக்கம் உறுதிப்படும் முன்னரே ஆங்கிலத்தில் அறிவியல் படிக்க வேண்டியிருக்கிறது.

பிரதம் அமைப்பின் 'அசர்' ஆய்வு கிராமப்புற வீடுகளுக்கே போய், ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறது. இரண்டாம் வகுப்புத் தரத்திலுள்ள ஒரு சிறு பத்தியை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கிறதா என்பது அதன் கேள்வி. தமிழ்நாட்டில் 2018இல் பத்தில் நான்கு பேருக்கு மேல் வாசித்தார்கள். 2022இல் அது ஏறத்தாழ நான்கில் ஒருவராகச் சரிந்தது. 2024இல் மீண்டு மூன்றில் ஒருவரைச் சற்றே தாண்டியது. வகுத்தல் கணக்கில் நிலைமை இதைவிடப் பின்தங்கியது.

2022இல் ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை, கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. தொடக்கப்பள்ளிக் கதவுகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. மூன்றாம் வகுப்பு முழுவதும், நான்காம் வகுப்பில் ஏறக்குறைய பாதியும் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கவில்லை. ஜீன் சால் சொன்ன திருப்பம் நிகழ வேண்டிய ஆண்டுகள் அவைதான். 2024இல் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களோ முதல் வகுப்பையே வீட்டில் கழித்தவர்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' மையங்களில் மாலைதோறும் தெருக்களில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களும், வகுப்பு ஆசிரியர்களும் சேர்ந்து உழைத்துத்தான் அந்த மீட்சி வந்தது. அதற்கு நாம் நன்றியோடு இருக்க வேண்டும். ஆயினும் 2024இலும் மூன்றில் ஏறத்தாழ இருவரால் அந்தப் பத்தியை வாசிக்க முடியவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

பாயிண்டும் டச்சும்

இரண்டாவது திறன் கணக்கில் இருக்கிறது. உளவியல் ஆய்வாளர் ராபர்ட் சீக்லரும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பல ஆண்டு தொடர்ந்த தரவுகளை எடுத்துக்கொண்டது. பத்து வயதையொட்டிப் பின்னத்திலும் வகுத்தலிலும் ஒரு பிள்ளைக்கு இருக்கும் தேர்ச்சி, ஐந்தாறு ஆண்டு கழித்து இயற்கணிதத்திலும் மொத்தக் கணிதத்திலும் அது எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டிக் காட்டியது. குடும்ப வருமானம், பெற்றோர் படிப்பு, அறிவுத்திறன் அளவு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. கூட்டல், கழித்தல், பெருக்கலில் உள்ள தேர்ச்சிக்கு அத்தனை முன்னறிவிப்பு வலிமை இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணித மதிப்பெண்ணுக்காக இலட்சங்களைச் செலவிடும் ஒரு பகுதி, ஐந்தாம் வகுப்பின் பின்னப் பாடத்தைத்தான் முதலில் காவல் காக்க வேண்டும்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பின்னம் தெருவிலேயே நடமாடுகிறது. குச்சிக்கிழங்கு என்று இங்கே நாம் சொல்லும் மரவள்ளியை ஜவ்வரிசி ஆலைக்கு ஓட்டிக்கொண்டு போனால், கிழங்கில் உள்ள மாவுச்சத்தை நூற்றுக்கு இத்தனை என்று அளந்து, 'பாயிண்ட்' கணக்கில்தான் விலை பேசுவார்கள். எடுத்துக்காட்டாக, 25 பாயிண்ட் கிழங்கு, பாயிண்டுக்கு 300 ரூபாய் என்றால் ஒரு டன்னுக்கு 7,500 ரூபாய். 25 பாயிண்ட் என்பது நூறில் இருபத்தைந்து, அதாவது கால் பங்கு. ஒரு டன் கிழங்கில் 250 கிலோ மாவு. சேலத்துக் கொலுசுப் பட்டறையில் வெள்ளியின் தரத்தை 'டச்' என்று சொல்வதும் நூற்றுக்கு இத்தனை பங்கு வெள்ளி என்ற அதே கணக்குதான். நாமக்கல்லில் முட்டை 30 கொண்ட ட்ரேயாக ஏறுகிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறியில் கூலி மீட்டருக்கு இத்தனை என்று வருகிறது. இந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா தினமும் விகிதத்தில்தான் வாழ்கிறார்கள்.

அப்படியானால் பிள்ளைக்குக் கணக்கு தானே வந்துவிடுமா? வராது. இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியானது. பொருளியல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் துஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் விற்பனை செய்யும் பிள்ளைகளைச் சோதித்தார்கள். கடையில் கிலோ, கிராம், சில்லறை என்று சிக்கலான கணக்கை மனத்திலேயே போட்ட பிள்ளைகள், அதே அளவு கணக்கைப் பள்ளிப் பாணியில் எழுதிக் கொடுத்தபோது திணறினார்கள். மறுபக்கம், பள்ளிக்கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். பிரேசிலின் ரெசீஃபே நகரத் தெருக்களில் 1980களில் நடந்த ஆய்வும் இதையொட்டியே பேசியது. இரண்டு கணக்குகளுக்கும் நடுவே பாலம் தானாக அமையாது. யாராவது கட்டித்தர வேண்டும். அதைக் கட்டும் இடம் வகுப்பறை. காலம் ஐந்தாம் வகுப்பு.

ஒரு கிழங்கு, ஐந்து பாடம்

தொடக்கப்பள்ளியில் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடமும் நடத்துகிறார். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வந்துவிடுவார். பிறகு பாடங்களை இணைத்துப் பேசும் வாய்ப்பு சுருங்கிவிடும். எனவே ஐந்து பாடங்களையும் ஒரு பொருளின்மேல் சேர்த்துக் கட்டிப் பார்க்கக் கிடைக்கும் கடைசி ஆண்டு இதுதான். குச்சிக்கிழங்கையே எடுத்துக்கொள்வோம்.

அறிவியல்: கிழங்கைக் கழுவி, தோல் உரித்து, அரைத்து, சல்லடையில் மாவுப்பாலை வடிக்கிறார்கள். பால் தொட்டியில் நின்று மாவு அடியில் படிகிறது, மேல்நீர் பிரிகிறது. ஈர மாவைக் குருணையாக உருட்டி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் வெயிலில் காயவைக்கிறார்கள். வடிகட்டுதல், படியவைத்தல், ஆவியாதல் ஆகிய மூன்றும் ஒரே ஆலையில் கண்முன் நடக்கின்றன. சல்லடையில் தங்கும் திப்பி மாட்டுத் தீவனமாகிறது. கழிவுநீர் எங்கே போகிறது என்று பிள்ளை கேட்டால், அது சுற்றுச்சூழல் பாடத்தின் தொடக்கம். அரைத்த கிழங்கில் ஒரு துளி அயோடின் கரைசல் விட்டால் மாவுச்சத்து கருநீலமாகும். செலவு சில ரூபாய்தான்.

சமூக அறிவியல்: மரவள்ளி நம் மண்ணின் பயிரன்று. தென் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு வந்தது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்ப முனைந்தார். இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்காசியாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி தடைப்பட, சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழில் எழுந்தது. 1981இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவான சேகோசர்வ் சேலத்தில் அமைந்தது. 'ஐரோப்பியர் வருகை', 'தமிழ்நாட்டு வேளாண்மை' என்ற இரண்டு பாடங்கள் இங்கே ஒரே செடியின் வரலாறாகிவிடுகின்றன. ஆண்டுகளை மனப்பாடம் செய்யத் திணறும் பிள்ளைக்கு, காரணமும் விளைவும் பிடிபட்டால் ஆண்டு தானே நிற்கும்.

கணக்கு: பாயிண்டும் பின்னமும் முன்னரே பார்த்தோம். தமிழ்: ஆலையில் நடப்பதை வரிசை பிசகாமல் எழுதுவது, களத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் கேட்டு வந்து உரையாடலாக எழுதுவது, கிழங்கு விலை பற்றிச் செய்தித்தாளில் வந்ததை வாசித்துச் சுருக்குவது. ஆங்கிலம்: அதே செய்முறையைப் பத்துச் சிறு கட்டளை வாக்கியங்களாகச் சொல்வது.

இதேபோல் 'கோட்டைகளும் அரண்மனைகளும்' பாடத்துக்கு நாமக்கல் மலைக்கோட்டையும் சங்ககிரிக் கோட்டையும் இருக்கின்றன. தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்டது சங்ககிரியில். கோட்டைப் படிகளை எண்ணி, ஒரு படியின் உயரத்தை அளந்து, மொத்த உயரத்தைக் கணிப்பது கணக்குப் பாடம். சேர்வராயன் மலைப்பக்கம் தோன்றி, சேலம் நகருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் திருமணிமுத்தாறு வரைபடப் பாடமும் நீர்மாசுப் பாடமும் ஆகும்.

இப்படி இணைப்பதற்கு இன்னொரு கடுமையான காரணம் நேரம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலைநாள், 800 கற்பித்தல் மணி. பிள்ளைகள் 60 பேர் வரை உள்ள பள்ளிக்கு அதே சட்டம் தருவது இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்றால், ஒரு வகுப்புக்கு நேரடியாகக் கிடைக்கும் ஆசிரியர் நேரம் 800 மணியில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 320 மணி. ஐந்து பாடத்துக்கும் சமமாகப் பகிர்ந்தால் ஒரு பாடத்துக்கு ஆண்டு முழுவதற்கும் 64 மணி. இதற்குள் புத்தகத்தின் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியே முடிக்க ஓடினால், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு நின்று பார்க்க ஆளிருக்காது. ஒரே பாடவேளை வாசிப்புக்கும் அறிவியலுக்கும் கணக்குக்கும் சேர்த்துப் பயன்பட்டால்தான் ஈராசிரியர் பள்ளியில் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

1953இன் நினைவு

உள்ளூர்த் தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும் என்று சொன்னவுடன், இந்த மண்ணில் ஒரு பழைய காயம் நினைவுக்கு வரும். அதை ஒதுக்கிவிட்டு இந்த வாதத்தை நடத்த முடியாது.

சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917 முதல் 1919 வரை அந்நகராட்சியின் தலைவராகவும் இருந்தவர் இராஜாஜி. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்துக் கதர்ப் பணி செய்தார். அவர் சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது 1953இல் கிராமத் தொடக்கப்பள்ளிகளுக்கு ஒரு மாற்றுக் கல்வித் திட்டம் வந்தது. பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணியாகச் சுருங்கியது. பிள்ளைகள் இரண்டு முறையாகப் பிரிந்து வர வேண்டும். மீதி நேரத்தில் வீட்டுத் தொழிலைப் பெற்றோரிடமோ ஊராரிடமோ கற்க வேண்டும். இருக்கிற ஆசிரியர்களையும் கட்டடங்களையும் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது ஆதரித்தவர்களின் கணக்கு. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும், காங்கிரசுக்குள்ளேயே பலரும் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த எதிர்ப்பு சரியானது. வண்ணார் வீட்டுப் பிள்ளை மீதி நேரத்தில் வெளுக்கவும், நெசவாளர் பிள்ளை நெய்யவும் கற்றால், பள்ளி அந்தப் பிள்ளைக்குத் திறந்துவிட வேண்டிய பாதை பிறப்பிலேயே அடைபட்டுவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டிய பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து எந்தச் சமத்துவத்தையும் எட்ட முடியாது.

குச்சிக்கிழங்குப் பாடம் அந்தத் திட்டத்துக்கு நேர் எதிரானது. கிழங்கு விவசாயி பிள்ளையும் பள்ளிபாளையம் தறிக்காரர் பிள்ளையும் கொலுசுத் தொழிலாளி பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒருவர் வீட்டுத் தொழிலை மற்றவரும் ஆராய்வது இது. கை பழகுவது நோக்கமாக இருந்தால் அது தொழிற்பயிற்சி. ஏன் மாவு படிகிறது, விலை எப்படிக் கணக்காகிறது, இந்தப் பயிர் இங்கே எப்படி வந்தது, இலாபம் யாருக்குப் போகிறது என்று கேட்கக் கற்றால் அது கல்வி. உள்ளூர் பாடமாக வேண்டும். உள்ளூர் பிள்ளையின் விதியாகிவிடக் கூடாது. 1954இல் தமிழ்நாடு எடுத்த முடிவை முழுமையாக ஏற்றுக்கொண்ட பிறகே இந்த வாதத்துக்கு இடம் உண்டு.

தேர்வு வைத்தால் தீருமா?

கல்வி உரிமைச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்துத் தேறாதவர்களை நிறுத்த மாநிலங்களுக்கு வழி திறந்தது. தமிழ்நாடு அரசு 2019 செப்டம்பரில் அவ்விரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு அறிவித்தது. பெற்றோரும் ஆசிரியர் அமைப்புகளும் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரியில் அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. 2025இன் மாநிலக் கொள்கையும் எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவைத்தல் இல்லை என்பதையே உறுதி செய்கிறது.

பத்து வயதுப் பிள்ளையைத் தேர்வில் நிறுத்திவைப்பது அதன் வாசிப்பை வளர்க்காது. அதே வகுப்பில் அதே புத்தகத்தை இன்னோர் ஆண்டு பார்ப்பதால், வாசிக்காதவர் வாசிப்பவராக மாறிவிடுவதில்லை. பெண்பிள்ளையாக இருந்தால், தறிக்கூலிக் குடும்பமாக இருந்தால், நிறுத்திவைத்தல் பள்ளியை விட்டே நிறுத்துவதாக முடியக்கூடும். ஆனால் நிறுத்திவைக்கக் கூடாது என்பது, அளந்து பார்க்கக் கூடாது என்றாகிவிடக் கூடாது. ஒரு பிள்ளையை அருகில் அமர்த்தி ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, இரண்டு கேள்வி கேட்டு, ஒரு வகுத்தல் கணக்கும் ஒரு பின்னக் கணக்கும் போடச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். இருபது பிள்ளைகளுக்கு நூறு நிமிடம். பருவத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால், எந்தப் பொதுத்தேர்வும் தராத விவரம் ஆசிரியர் கையில் இருக்கும்.

ஆறாம் வகுப்பின் வாசல்

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு ஒரே கோடை விடுமுறையில் பல மாற்றங்கள் சேர்ந்து வருகின்றன. சட்டப்படி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த பள்ளி மூன்று கிலோமீட்டர் வரை தள்ளிப் போகலாம். பெயர் சொல்லி அழைத்த ஒரே ஆசிரியருக்குப் பதில், பாடவேளைக்கு ஒருவர் மாறி வருகிறார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கானது. விடியற்காலையில் தறிக்கும் பண்ணைக்கும் கிளம்பும் வீடுகளில் அந்தக் காலை உப்புமாவும் கிச்சடியும் பிள்ளைக்கு எத்தனை பெரிய துணை என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பில் தொலைவு கூடும்போது அந்த உணவு நிற்கிறது. எட்டாம் வகுப்பு வரை அதை நீட்டிப்பது ஆறாம் வகுப்பின் கற்றலைக் காக்கும் நேரடி வழி என்பது என் உறுதியான கருத்து.

அதோடு, பிள்ளையின் கற்றல் விவரமும் கூடவே போக வேண்டும். மாற்றுச் சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். இந்தப் பிள்ளை எதைப் புரிந்து வாசிக்கிறது, பின்னத்தில் எங்கே தடுமாறுகிறது, எதைப் பற்றிப் பேசினால் ஆர்வம் கொள்கிறது என்பதைத் தெரிந்த ஒரே மனிதர் பழைய ஆசிரியர். அவர் எழுதும் அரைப்பக்கக் குறிப்பு ஆறாம் வகுப்பு ஆசிரியருக்குக் கிடைத்தால், ஜூன் மாதம் முழுவதும் பிள்ளையை மறுபடி கண்டுபிடிப்பதில் கழியாது. ஒன்றிய அளவில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் ஆறாம் வகுப்பு ஆசிரியர்களும் ஆண்டுக்கு ஒருமுறை கூடி இந்தக் குறிப்புகளைக் கைமாற்றிக்கொள்ளலாம்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசும் அந்தக் கூட்டத்தில் ஐந்தாம் வகுப்பைப் பற்றி இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவியல் புத்தகத்தின் ஒரு பக்கத்தை வாசித்துத் தம் சொந்த வார்த்தையில் சொல்கிறார்கள்? எத்தனை பேர் முக்காலையும் அரையையும் கூட்டி, ஏன் அப்படி வந்தது என்று விளக்குகிறார்கள்? இந்த இரண்டு எண்களும் எல்லாப் பிள்ளைகளையும் எட்டும் வரை, ஒவ்வொரு கூட்டத்திலும் அவை பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். அதற்குப் புதிய சட்டமோ பெரும் பணமோ வேண்டியதில்லை. இப்பகுதியின் பெற்றோர் பன்னிரண்டாம் வகுப்பின்மேல் வைக்கும் அக்கறையில் ஒரு பங்கை ஐந்தாம் வகுப்பின் பக்கம் திருப்பினால் போதும்.